சொட்டு சுட்ட கப்கேக்

பெயிண்ட் கடையில் அவரைச் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வண்ணம் கலப்பது அவர் வேலை. கடையில் அதற்கென்று ஒரு இயந்திரம் உண்டு. எண்ணைத் தட்டினால் வெள்ளை பெயிண்டில் சாயத்தைப் பீய்ச்சிக் கொடுத்துவிடும். ஆனால் இருபது வருடம் வெயில் தின்ற சுவருக்கு எண் ஏது? அப்படிப்பட்ட சுவரின் பெயர்ந்த சில்லை யாராவது காகிதத்தில் மடித்து எடுத்து வந்தால் இவரிடம்தான் அனுப்புவார்கள். இவர் கண்ணாடிக் குழாயால் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலப்பார். விரல் நுனியில் தொட்டு அட்டையில் தேய்ப்பார். காயும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு, "இன்னும் ஒரு சொட்டு" என்பார். எப்போதும் இன்னும் ஒரு சொட்டுதான்.

அட்டை காய்கிற அந்த நேரத்தில் அவர் கடையில் இருப்பதில்லை. உடம்பு நிற்கும், மனசு அந்தச் சில்லு வந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கும். யார் சாய்ந்து சாய்ந்து இந்த இடம் இப்படி வெளுத்தது, எதிரே ஜன்னல் இருந்ததா, அதில் திரைச்சீலை ஆடியதா என்று அறை அறையாகப் போய்க்கொண்டிருப்பார். கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுப்பார்.

"சொட்டு, உடம்பு இங்க இருக்கு. ஆள் எப்ப வருவாரு?"

"வந்துட்டே இருக்கேன் முதலாளி."

வீடு இரண்டாவது மாடியில். அங்கே அவரும் அவருடைய அக்காவும். இவருக்கு ஐம்பத்தொன்று, அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூரைமேல் பலகை வைத்த சின்ன வெள்ளைக் கார். பக்கத்து இருக்கையின் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். அந்த ஊரில் கிளட்ச்சை மிதிக்கும் கால்களில் பாதி அக்காவிடம் திட்டு வாங்கிய கால்கள்தான். அவர் கால் எப்போதும் தரையில் ஊன்றி இருக்கும். தம்பியின் கால் எங்கே இருக்கிறது என்று தம்பிக்கே தெரியாது. இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "இவனை யார் தலையில கட்டிட்டு நான் போறது?" என்பார் அக்கா. தம்பியைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் அவரும் அதே பதிலைத்தான் சொல்வார்.

அக்காவுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. மாலை நாலு மணிக்கு, அன்றைய வகுப்பு முடிந்ததும், தெருமுனை பேக்கரியில் ஒரு சாக்லேட் கப்கேக் வாங்குவார். காரைத் திரும்ப வீட்டு வாசலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மடிப்பு மடிப்பான அந்தக் காகிதக் கிண்ணத்தை மெதுவாக உரித்து, ஆற அமரச் சாப்பிடுவார். அந்தப் பத்து நிமிடம் கைப்பேசி அடித்தாலும் எடுக்க மாட்டார்.

ஒரு நாள் காலை ஒரு தையல்காரம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் பேச்சை நிறுத்தினார். தையல்காரம்மா திரும்பிப் பார்த்தால் மேடத்தின் தலை தொங்கியிருக்கிறது. நெற்றி முழுக்க வியர்வை. அந்த அம்மா அதுவரை ஒரு திருப்பத்தைக்கூடத் தனியாகத் திரும்பியவரில்லை. அன்று முழு வழியையும் இரண்டாவது கியரிலேயே ஓட்டி, மருத்துவமனை வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கண் விழித்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "இண்டிகேட்டர் போட்டியாம்மா?"

சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"மூணு மாசம் வாயைக் கட்டணும். மாத்திரை தரேன், ஆனா மாத்திரையால மட்டும் ஆகாது. மைதா, சர்க்கரை, ரெண்டையும் விட்டுடுங்க. கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வண்டி ஓட்டவும் வேணாம், சொல்லிக்கொடுக்கவும் வேணாம்."

"சாக்லேட் கேக்?"

"அதை மறந்துடுங்க."

அக்கா அழவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. வீட்டுக்கு வந்து கார் சாவியை ஆணியில் மாட்டினார். மறுநாளிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கீழே போகிற வண்டிகளைப் பார்ப்பார். யாராவது இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் "ச்சே" என்பார். மற்றபடி பேச்சில்லை. நாலு மணி அடித்தால் கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான்.

வீட்டில் பாத்திரம் மாறினாலும் படுக்கை மாறினாலும் கவனிக்காத தம்பி, அந்த முகத்தின் நிறம் மாறியதைக் கவனித்துவிட்டார். கோதுமை நிறத்தில் சாம்பல் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டுக் கறுப்பு போதும், எந்த நிறமும் செத்துவிடும். அவருக்குத் தெரியாததா?

மருந்து வாங்கப் போனபோது நர்ஸ் ஒரு துண்டுத்தாள் கொடுத்திருந்தார். மாவுச்சத்து குறைந்த உணவுகள் என்று அதில் ஒரு பட்டியல். ஓரத்தில் சின்னதாக ஒரு கப்கேக் படம், கீழே "பாதாம் மாவு, முட்டை, வெண்ணெய், இனிப்பில்லாத கோகோ, மாற்றுச் சர்க்கரை. அளவோடு" என்று போட்டிருந்தது. பஸ்ஸில் அந்தப் படத்தின் பழுப்பு நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அடியில் சிவப்பு, அதன்மேல் கறுப்பு, எங்கோ ஆழத்தில் ஒரு துளி மஞ்சள். கண்ணை மூடினால் அந்தப் பழுப்பு ஒரு நீண்ட மதியம் மாதிரி விரிந்தது; அதற்குள் அக்கா நடந்து போய்க்கொண்டிருந்தார், பாவாடை கட்டிய சின்னப் பெண்ணாக, கை வீசிக்கொண்டு. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டது. திரும்பி நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டார். இந்தப் பழுப்பை நம்மால் கலக்க முடியும்.

அவர் அதுவரை அடுப்பில் வெந்நீர் தவிர வேறெதுவும் வைத்தவரில்லை. அலமாரி மேல் ஒரு ஓவன் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அக்காவிடம் லைசென்ஸ் வாங்கிப் போன யாரோ ஒருவர் நன்றியாகக் கொடுத்தது. அதை இறக்கித் துடைத்தார். ஆறு குழி அச்சு ஒன்று வாங்கினார். முதல் சனிக்கிழமை கடையில் பாதாம் மாவு இல்லை, தேங்காய் மாவுதான் இருந்தது. பொடி என்றால் பொடிதானே என்று அதையே அதே அளவில் போட்டார். தேங்காய் மாவு கண்ணெதிரே அவ்வளவு ஈரத்தையும் குடித்துவிட்டு இன்னும் தா என்றது. வெந்து வந்ததை வைத்துச் சுவரில் ஓட்டை அடைக்கலாம். சுவருக்குப் பட்டி பூசுகிறவர்கள் பார்த்தால் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருப்பார்கள்.

ஆனால் அவருக்கு அது தெரியவில்லை. காரணம் இருந்தது. முப்பது வருடமாகத் தின்னரும் டர்பன்டைனும் குடித்த மூக்கு அது. வாசனை போய்ப் பல காலமாகிவிட்டது; வாசனையோடு ருசியும் பாதி போயிருந்தது. உப்பு தெரியும், காரம் தெரியும், தித்திப்பு தெரியும். மற்றதெல்லாம் அவர் வாய்க்குச் சுண்ணாம்பு. அதனால் ஒன்றைத் தட்டில் வைத்து அக்காவிடம் நீட்டிவிட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார்.

அக்கா கடித்தார். மென்றார். வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார்.

"நல்லா இருக்குடா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

தம்பி அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினார். எந்தப் பாட்டு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அடுத்த வாரம் பாதாம் மாவு கிடைத்தது. ஆனால் மாற்றுச் சர்க்கரையைப் பரல் பரலாக அப்படியே போட்டுவிட்டார். வாயில் மணலாகக் கடிபட்டது. போதாததற்கு நாக்கில் பனிக்கட்டி வைத்தது மாதிரி ஒரு குளிர்ச்சி வேறு. அக்கா அதையும் சாப்பிட்டு, "பரவாயில்லை, நல்லா இருக்கு" என்றார். அதற்கடுத்த வாரம் ஓவன் கதவை மூன்று தடவை திறந்து பார்த்ததில் ஆறும் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டன. அதுவும் நல்லா இருந்ததாம்.

அந்தச் சனிக்கிழமை மதியங்கள் அவருக்கு வேறொரு உலகமாக இருந்தன. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சமையலறைக்குள் சாய்வாக விழும். கோகோ பொடியைச் சலிக்கும்போது எழும் மெல்லிய தூசு அந்த வெயிலில் மிதந்து, கீழே இறங்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் கையில் சல்லடையோடு நின்றுவிடுவார். பிறகு ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மஞ்சள் விளக்கொளியில் ஆறு குழிகளிலும் மாவு மெல்ல மெல்லத் தலை தூக்குவதைப் பார்ப்பார். தூங்குகிறவர்கள் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அந்த இருபது நிமிடத்தில் அவர் எத்தனையோ ஊர் போய்வந்தார்.

ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்க. மைதா தொடலைன்றீங்க. அப்புறம் எப்படிம்மா?"

அக்கா மேசை விளிம்பைப் பார்த்தார். தம்பிதான் வாயைத் திறந்தார்.

"தப்பு என்னோடதுதான் டாக்டர். வாராவாரம் நான் ஒரு கேக் பண்றேன். அளவு எங்கேயோ பிசகுது."

வீட்டுக்கு வந்ததும் கடையிலிருந்து சின்னத் தராசை வாங்கி வந்து எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தார். பாதாம் மாவு உறையின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். எங்கே தவறினோம் என்று தெரியவில்லை. அக்காவுக்கு நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நாமே விஷம் வைத்துவிட்டோமோ என்று தோன்றியது. கடையில் அன்றைக்கு ஒரு பச்சையை இரண்டு தடவை கெடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே நின்றிருந்த தம்பி கீழே பார்த்தார். காரின் ஒரு கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. சில வாரமாக அக்கா தினமும் நாலு மணிக்குக் கீழே போய் இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வருவார். இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்பார். ஏற்ற மறந்திருப்பார் என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார் தம்பி. கண்ணாடியை ஏற்றினார். நனைந்த கதவைத் துடைக்கத் துணி கிடைக்குமா என்று கதவுப் பைக்குள் கையை விட்டார்.

துணி வரவில்லை. காகிதக் கிண்ணங்கள் வந்தன. பேக்கரியின் பழுப்புக் காகிதம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அழகாக மடித்து வைக்கப்பட்டவை. அக்கா எதையும் கசக்கிப் போடுகிறவரில்லை. மடிப்புகளில் இன்னும் சாக்லேட் ஒட்டியிருந்தது.

அவர் கற்றுக்கொள்பவர்களின் இருக்கையில் உட்கார்ந்தார். மழை கூரையில் பெய்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே தெரு கரைந்து, விளக்குகளும் குடைகளும் ஈரச் சாயம் மாதிரி ஒன்றோடொன்று வழிந்தன. கோபம் வருமென்று எதிர்பார்த்தார், வரவில்லை. யாரோ தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது மாதிரி இருந்தது. விஷம் வைத்தது நாம் இல்லை. உடனே அடுத்த நினைப்பு வந்தது. அப்படியானால் நம் கேக்?

பக்கத்துக் கதவு திறந்தது. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, தன் இடத்தில், தன் பிரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பியின் மடியைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் ஒன்றும் மறைக்கவில்லை.

"எத்தனைன்னு எண்ணிட்டியா?"

"இல்ல."

"எண்ணாத."

அக்கா தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்தார்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட தப்பு உன்னோடதுன்னு சொன்னியே, அப்பவே சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பல" என்றார் அக்கா.

"என் கேக் எப்படிக்கா இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

அக்கா மூச்சை இழுத்து விட்டார்.

"கேவலமா இருந்துச்சுடா. முதல் வாரம் பண்ணியே, அதை முழுங்கறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்காவும் சிரித்தார். கார் கண்ணாடிகளெல்லாம் ஆவி படிந்து வெளுத்தன.

"அப்ப ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன? வண்டி ஓட்டத் தெரியாதவங்களை மூஞ்சிக்கு நேரா திட்டுவியே?"

"அவங்கல்லாம் என் தம்பியா? அந்த ஓவன் முன்னாடி குத்த வச்சு உக்காந்து, வாயைத் திறந்துக்கிட்டுப் பாத்துட்டே இருந்த. அந்த மூஞ்சிக்கிட்ட என்னன்னு சொல்றது?"

"எனக்குத்தான் ருசியே தெரியாதேக்கா. உன் நாக்கை நம்பித்தானே நான் பண்றேன். நீ பொய் சொன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டற மாதிரிதானே?"

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. அந்தக் காகிதக் கிண்ணங்களைத் தம்பியின் கையிலிருந்து வாங்கி, முதன்முறையாகக் கசக்கினார்.

"சரி. இனிமே பேக்கரிப் பக்கம் போகல. ஆனா நீயும் நான் சொல்றதைக் கேக்கணும். அழக் கூடாது."

மறுநாளே இரண்டு பேரும் சமையலறையில் நின்றார்கள். அக்கா நாற்காலியைக் கொண்டுவந்து அடுப்பு மேடைக்கு அருகில் போட்டுக்கொண்டு, வகுப்பெடுக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"மணல் மாதிரி கடிபடுது. அதை முதல்ல பாரு."

தம்பி மாற்றுச் சர்க்கரையை மிக்ஸியில் போட்டு மாவாக அரைத்தார். அளவையும் கொஞ்சம் குறைத்தார். நாக்கின் குளிர்ச்சி தணிந்தது.

"ஓவன் கதவைத் தொடாத. சிக்னல் விழறதுக்கு முன்னாடி என்ன அவசரம்?"

கதவைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

இந்தத் தடவை குழி விழவில்லை. ஆனாலும் அக்கா முகம் சுளித்தார். "கோகோ தனியா நிக்குதுடா. தொண்டையில பொடிப் பொடியா ஒட்டுது. கசப்பு மட்டும் தெரியுது, சாக்லேட்டைக் காணோம்."

தம்பி யோசித்தார். பொடி தனியாக நிற்கிறது என்றால்? அது அவருக்குத் தினமும் நடக்கிற சங்கதிதான். உலர்ந்த சாயப்பொடியை நேராக டின்னில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டு நிற்கும், நிறமே எழும்பாது. முதலில் கொஞ்சம் திரவத்தில் நனைத்து, குழைத்து, ஊற விட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோகோவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, கொதிக்கும் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரண்டியால் குழைத்தார். வெளிறிய அந்தப் பொடி கண்ணெதிரே இருண்டது. சிவப்பு மேலே வந்தது, பளபளப்பு ஏறியது. "இன்னும் ஒரு சொட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அப்படியே ஆறவிட்டு, உருக்கிய வெண்ணெயும் மூன்று முட்டையும் அடித்துச் சேர்த்து, பாதாம் மாவு, அரைத்த மாற்றுச் சர்க்கரை, பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் கலந்து ஊற்றினார். வெந்ததும் அச்சிலிருந்து உடனே எடுக்கவில்லை. பாதாம் மாவு கேக் சூட்டில் உதிரும், ஆறினால்தான் பிடித்துக்கொள்ளும் என்று போன வாரமே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

அச்சை ஜன்னல் ஓரத்தில் வைத்தார்கள். மழை விட்ட பிறகு வந்த வெயில் ஆறு தலைகள் மேலும் விழுந்தது. நடுவில் லேசாக வெடித்து, வெடிப்புக்குள் இன்னும் ஈரமான கரும்பழுப்பு தெரிந்தது. துண்டுத்தாளில் இருந்த நிறம் இல்லை அது. அதைவிட ஆழம்.

அக்கா ஒன்றை உரித்தார். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண் திறக்கவில்லை.

"என்னக்கா?"

அக்கா மென்றுகொண்டே இருந்தார்.

"அக்கா, என்ன ஆச்சு? திரும்பவும் கசக்குதா?"

"பேசாதடா. சாப்பிட்டுட்டு இருக்கேன்."

முழுதும் சாப்பிட்டார். காகிதத்தில் ஒட்டியிருந்த துகளையும் விரலால் தொட்டு எடுத்தார். பிறகு, கட்டளைக் குரலைத் தவிர வேறு குரல் இல்லாதவர் என்று ஊரே நம்பிய அந்த அம்மாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"பேக்கரி கேக் மாதிரி இல்லடா. அது வாயில போட்ட உடனே தித்திப்பா அடிக்கும், உடனே போயிடும். இது மெதுவா வருது. முதல்ல கொஞ்சம் கசப்பு. அப்புறம் வெண்ணெய். அப்புறம் பாதாம் எங்கேயோ தூரத்துல. எல்லாம் போனப்புறம், கதவைச் சாத்திட்டுப் போனவங்க திரும்பி வந்து எட்டிப் பாக்கற மாதிரி, சாக்லேட் ஒரு தடவை வருது."

தம்பி தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாக மென்றார். தெரிந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கசப்பு தெரிந்தது. மெத்தென்று இருந்தது தெரிந்தது. மீதிக்கு அக்காவின் முகம் இருந்தது. கன்னத்தில் பழைய கோதுமை நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அல்லது அது வெயிலாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலு மணிக்குக் கீழே போனால் இஞ்சினை ஓடவிட்டபின் நாலு தெரு நடந்துவிட்டு வருவார். கப்கேக் ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கேட்டாலும் தம்பி தர மாட்டார். மூன்று மாத முடிவில் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒரு மாத்திரை குறைந்தது, ஒன்று தொடர்ந்தது. வண்டியில் ஏறலாம் என்றார்.

தையல்காரம்மா வேறு யாரிடமும் போகாமல் காத்திருந்தார். முதல் நாள் வகுப்பிலேயே மூன்றாவது கியர் போட்டார். அன்று நாலு மணிக்கு அக்கா டப்பாவைத் திறந்து அவருக்குப் பாதி கொடுத்தார். "எந்தக் கடை மேடம்?" என்று கேட்டதற்கு, "பெயிண்ட் கடை" என்று பதில் வந்தது. பாவம், அந்த அம்மா மென்றுகொண்டிருந்ததை ஒரு கணம் நிறுத்திவிட்டார்.

மருத்துவமனை நர்ஸ் தன் மாமனாருக்கு வேண்டுமென்று செய்முறை கேட்டார். சொட்டு அதைக் கடையில் நிறங்களுக்கு எழுதுகிற அட்டையிலேயே எழுதிக் கொடுத்தார். அதைச் சாக்லேட் என்று தெரியாமல் யாராவது சுவரில் அடித்துவிடாமல் இருந்தால் சரி என்றார் முதலாளி.

இப்போது ஞாயிறு மதியங்களில் அந்த இரண்டாவது மாடியில் ஓவன் ஓடுகிறது. கொஞ்ச நாளாக ஆரஞ்சுத் தோலைத் துருவிச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்னும் சரியாக வரவில்லை. போன வாரம் தோலின் வெள்ளையையும் சேர்த்துத் துருவிவிட்டதால் வாயில் வைக்க விளங்கவில்லை. அக்கா ஒரு கடி கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்தார்.

"இது தேறாதுடா."

தம்பி சரி என்று தலையாட்டி, கிண்ணத்தைக் கழுவ எடுத்தார். அக்கா அவர் கையிலிருந்து துணியை வாங்கித் துடைக்க ஆரம்பித்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது, ஓவனும் சூடாகத்தான் இருந்தது, முட்டை மூன்று மீதி இருந்தன. மறுபடி ஒரு தடவை கலந்தார்கள்.